"சூப்பர் சிஸ்டர்!" என்றவர்கள் ஏன் திரும்ப வாங்கவில்லை? - கஸ்டமரிடம் போனில் உண்மையைக் கேட்டு வாங்குவது எப்படி?

"சூப்பரா இருந்துச்சு சிஸ்டர். வீட்ல எல்லாருக்கும் பிடிச்சிருந்துச்சு. அடுத்த தடவையும் கண்டிப்பா வாங்குறோம்!"

என் அக்காவின் வாட்ஸ்அப்பில் இப்படி நாற்பது மெசேஜாவது இருக்கும். மதுரையில் வீட்டிலேயே சத்துமாவு தயார் பண்ணி விற்கிறாள். அபார்ட்மென்ட் குரூப், ஸ்கூல் அம்மாக்கள் குரூப், தினமும் ஒரு ஸ்டேட்டஸ் என்று ஓடியதில் ஆறு மாதத்தில் 63 பேர் வாங்கியிருந்தார்கள். எல்லோரும் ஹார்ட் அனுப்பினார்கள். எல்லா ஹார்ட்டும் ஸ்கிரீன்ஷாட்டாக மறுபடி ஸ்டேட்டஸில் ஏறியது.

ஒரே ஒரு சிக்கல். அந்த 63 பேரில் இரண்டாவது முறை வாங்கியவர்கள் 9 பேர்தான்.

"பாக்கெட்தான்டா பிரச்னை. கடையில இருக்கிற மாதிரி பளபளன்னு பிரின்ட் போட்டு குடுத்தா வாங்குவாங்க" என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். பிரின்ட் போட்ட பவுச் குறைந்தது 5,000 எடுக்க வேண்டும். கூடவே ஒரு சீலிங் மெஷின். அதற்காகக் கழுத்தில் கிடந்த ரெண்டு பவுன் செயினை அடகு வைப்பதாகத் திட்டம்.

"வாங்குறதை நிறுத்தின 54 பேர்ல ஒருத்தர்கிட்டயாவது பேசினியா?" என்று கேட்டேன்.

"அதான் எல்லாரும் சூப்பர்னு சொல்லிட்டாங்களே... என்ன பேச?"

அந்த வாரம் அடகுக் கடைக்குப் போவதைத் தள்ளிப்போட்டுவிட்டு, 12 பேருக்கு போன் பண்ணினோம். அந்த போன் கால்களில் நாங்கள் சொதப்பியதும் கற்றுக்கொண்டதும்தான் இந்தக் கட்டுரை. நீங்கள் வீட்டில் கேக் செய்து விற்பவராக இருக்கலாம், இன்ஸ்டாவில் புடவை விற்கலாம், ஸ்டார்ட்-அப்பில் சேர்ந்த முதல் வாரமே "கஸ்டமர்கிட்ட பேசிட்டு வா" என்று லிஸ்ட் கையில் கொடுக்கப்பட்டவராக இருக்கலாம். எல்லோருக்கும் விஷயம் ஒன்றுதான்.

பஜ்ஜி வேகலைன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?

பொண்ணு பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜி கொடுப்பார்கள். கடித்தால் உள்ளே மாவு அப்படியே இருக்கும். "பஜ்ஜி எப்படி இருக்கு மாப்ள?" என்று கேட்டால் என்ன சொல்வோம்? "ரொம்ப நல்லா இருக்குங்க!"

இது ஏமாற்று வேலை இல்லை. எதிரில் இருப்பவர் மனசு நோகக் கூடாது என்ற மரியாதை. உங்கள் கஸ்டமரும் இதைத்தான் செய்கிறார். நீங்களே அரைத்து, நீங்களே பேக் பண்ணி, நீங்களே "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், அவருக்கு முன்னால் இருப்பது ஒரே ஒரு நாகரிகமான பதில்தான்.

ராப் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தொழில்முனைவர் 2013-ல் 'தி மாம் டெஸ்ட்' என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஸ்டார்ட்-அப் ஆட்களிடம் ரொம்பப் பிரபலம். அதன் சாரம் இதுதான்: "அம்மா, என் ஐடியா எப்படி இருக்கு?" என்று கேட்டால் அம்மா பாசத்தில் பொய்தான் சொல்வார். தப்பு அம்மா மேல் இல்லை, கேள்வி மேல். உங்கள் ஐடியாவைப் பற்றிக் கேட்காமல் அவருடைய வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால், அம்மாவால்கூடப் பொய் சொல்ல முடியாது.

தப்பான கேள்வியை நிறைய பேரிடம் கேட்டாலும் பலன் இல்லை. 1985-ல் கோகோ கோலா நிறுவனம் தன் ஃபார்முலாவை மாற்றுவதற்கு முன் கிட்டத்தட்ட 2 லட்சம் பேருக்குக் குடிக்கக் கொடுத்து டெஸ்ட் பண்ணியது. புதுச் சுவைதான் பிடித்திருக்கிறது என்று வந்தது. ஆனால் பழசை எடுத்துவிட்டுப் புதுசை இறக்கியதும் மக்கள் கொந்தளித்துவிட்டார்கள். 79 நாளில் பழைய கோலா திரும்பி வந்தது. 'சுவை பிடிச்சிருக்கா?' என்ற கேள்விக்குக் கிடைத்த பதில், 'பழசு இனிமே கிடைக்காது' என்றால் மக்கள் என்ன செய்வார்கள் என்பதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கூகுள் ஃபார்ம் அனுப்பினா போதாதா?

ஃபார்மில் ஒரு குறை உண்டு. உங்களுக்குத் தோன்றிய கேள்விக்கு மட்டும்தான் அதில் பதில் வரும். அக்கா ஃபார்ம் அனுப்பியிருந்தால் 'பாக்கெட் டிசைனுக்கு எத்தனை ஸ்டார்?' என்றுதான் கேட்டிருப்பாள். உண்மையான பிரச்னை அந்த லிஸ்ட்டிலேயே இருந்திருக்காது.

போனில் குரல் இருக்கிறது. "ம்ம்ம்... நல்லாதான் இருந்துச்சு" என்பதில் அந்த 'தான்' கேட்கும். நடுவில் குக்கர் விசில் கேட்கும். "டேய், ஷூவை போடுடா" என்ற சத்தம் கேட்கும். அவருடைய காலைப்பொழுது எப்படி ஓடுகிறது என்பதை அந்தச் சத்தமே சொல்லிவிடும்.

இன்னொரு வசதி, அவர் தன் வீட்டிலேயே இருக்கிறார். "பாக்கெட் இப்ப எங்க இருக்கு? எடுத்துப் பாக்க முடியுமா?" என்று கேட்கலாம். கடையில் நின்று பேசினால் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. அதோடு, முகம் தெரியாததால் குறை சொல்வதில் இருக்கும் கூச்சமும் கொஞ்சம் குறைகிறது.

யாருக்கு போன் பண்றது?

அக்கா லிஸ்ட் எடுத்தபோது முதலில் எழுதியது ஹார்ட் அனுப்பியவர்களின் பெயர்களைத்தான். பேசுவதற்கு சுலபமான ஆட்கள். அங்கேதான் வலை இருக்கிறது.

1936-ல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை, ஜனாதிபதித் தேர்தலில் யார் ஜெயிப்பார்கள் என்று கணிக்க சுமார் 1 கோடி பேருக்குத் தபால் அட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன்தான் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். ஜெயித்தது ரூஸ்வெல்ட், அதுவும் 48 மாநிலங்களில் 46-ல்! காரணம், முகவரிகளைப் பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் வைத்திருப்பவர்கள் பட்டியலிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்தம் தலைவிரித்தாடிய அந்த நேரத்தில் வீட்டில் போனும் காரும் வைத்திருந்தவர்கள் ஊரின் ஒரு பக்கம் மட்டும்தான். தவிர, அட்டையைத் திருப்பி அனுப்பாதவர்கள் என்ன நினைத்தார்கள் என்றே தெரியாமல் போனது. சீக்கிரமே அந்தப் பத்திரிகையும் நின்றுபோனது.

நம்மிடம் ஹார்ட் அனுப்பாதவர்கள்தான் அந்த அட்டையைத் திருப்பி அனுப்பாதவர்கள். அதனால் லிஸ்ட்டை மூன்றாகப் பிரியுங்கள்: தொடர்ந்து வாங்குபவர்கள், ஒருமுறை வாங்கி நிறுத்தியவர்கள், விலை கேட்டுவிட்டு வாங்காமலே போனவர்கள். அக்கா கடைசியில் எடுத்தது 3 + 7 + 2, ஆக 12 பேர்.

12 போதுமா? 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த பேட்டிகளை வரிசையாக அலசிப் பார்த்தார்கள். முக்கியமான விஷயங்களில் பெரும்பாலானவை முதல் 12 பேட்டிகளுக்குள்ளேயே வந்துவிட்டிருந்தன. ஒரே மாதிரியான ஆட்களிடம் ஒரே விஷயத்தைப் பேசும்போது இது பொருந்தும். நடைமுறையில் ஒரு சுலபமான அடையாளம் உண்டு. அடுத்தவர் என்ன சொல்லப்போகிறார் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிய ஆரம்பித்தால், நிறுத்திக்கொள்ளலாம்.

முதல்ல மெசேஜ், அப்புறம் கால்

தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தாலே இப்போது எல்லோருக்கும் பயம். லோன் வேணுமா என்பார்கள், ஓ.டி.பி கேட்பார்கள். அதனால் திடீரென்று கூப்பிடாதீர்கள். அக்கா அனுப்பிய மெசேஜ் இது:

"வணக்கம் அக்கா. ரெண்டு மாசம் முன்னாடி எங்கிட்ட சத்துமாவு வாங்கினீங்க. மாவை இன்னும் நல்லா பண்றதுக்காக வாங்கினவங்ககிட்ட 15 நிமிஷம் பேசிட்டு இருக்கேன். எதையும் விக்கிறதுக்கு இல்ல. நாளைக்கு காலைல 11 மணிக்கு கூப்பிடலாமா, இல்ல மதியம் 3 மணி வசதியா?"

இதில் நான்கு விஷயம் இருக்கிறது: நான் யார், எதற்கு, எவ்வளவு நேரம், எப்போது. 'ஃப்ரீயா இருக்கும்போது சொல்லுங்க' என்று விட்டால் அந்த 'ஃப்ரீ' வரவே வராது. இரண்டு நேரம் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பதில் வரும்.

நேரமும் முக்கியம். வீட்டில் இருப்பவர்களுக்குக் காலை சமையல், ஸ்கூல் வேன், ராத்திரி சாப்பாடு நேரம் எல்லாம் தவிர்க்க வேண்டியவை. வேலைக்குப் போகிறவர்களிடம் "பஸ்ல போறப்ப பேசலாமே" என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். பக்கத்து சீட்டில் ஆள் இருந்தால் யாரும் மனம் விட்டுப் பேச மாட்டார்கள்.

உங்கள் பக்கம்: மைக் உள்ள ஒரு ஹெட்போன், ஒரு நோட்டு, ஃபேன் சத்தம்கூட இல்லாத ஒரு மூலை. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எழுதினால் கையெழுத்து உங்களுக்கே புரியாது. அனுபவம்!

முதல் ஒரு நிமிஷம்

எடுத்ததும் கேள்வியில் குதிக்காதீர்கள். "இப்ப பேச வசதிதானே? இல்லைன்னா அப்புறம் கூப்பிடுறேன்" என்று ஒரு வார்த்தை. பிறகு இந்த வரி:

"மாவுல குறை ஏதாவது இருந்தா சொல்லுங்கக்கா. நல்லா இருக்குன்னு சொன்னா எனக்கு சந்தோஷம். குறை சொன்னா எனக்கு உபயோகம்."

குறை சொல்வதற்கு நீங்களே அனுமதி கொடுத்தால்தான் அந்த மரியாதைப் பூட்டு கொஞ்சம் தளரும்.

ரெக்கார்டு பண்ணுவதாக இருந்தால் கேட்டுவிட்டுப் பண்ணுங்கள். "எழுத நேரம் ஆகும், ரெக்கார்டு பண்ணிக்கட்டுமா? நான் மட்டும்தான் கேப்பேன்" என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள். கேட்காமல் பட்டனைத் தட்டினால், சில போன்களில் 'இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது' என்று அந்தப் பக்கமும் கேட்கும். அத்தோடு நம்பிக்கை போச்சு.

வக்கீல் ஆகாதீங்க

இனி எங்கள் முதல் சொதப்பல். முதல் காலில் ஒரு அம்மா தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "கொஞ்சம்... கட்டி கட்டியா வந்துச்சு சிஸ்டர்..."

அக்கா பாய்ந்துவிட்டாள். "தண்ணி கம்மியா ஊத்தியிருப்பீங்க. நான் அனுப்பின மெசேஜ்ல அளவு போட்டிருந்தேனே!"

"அப்படியா... என் தப்புதான் சிஸ்டர். மத்தபடி சூப்பர்."

கதை முடிந்தது. அதற்கு மேல் அந்த அம்மா ஒரு குறையும் சொல்லவில்லை. அந்த 14 நிமிட காலை, அவர் சம்மதத்தோடு ரெக்கார்டு பண்ணியிருந்ததைத் திருப்பிப் போட்டுக் கேட்டோம். 9 நிமிடம் அக்கா பேசியிருந்தாள். எத்தனை தானியம் போடுகிறாள், எப்படி முளைகட்டுகிறாள், எங்கே வறுக்கிறாள்... எல்லாம். கஸ்டமர் பேசியது மிச்சம் 5 நிமிடம்.

"நான் ஏன்டா இவ்வளவு பேசியிருக்கேன்?" என்று அவளே தலையில் அடித்துக்கொண்டாள்.

குறை வந்தால் விளக்கம் கொடுக்காதீர்கள். நம் கையால் செய்த பொருளைக் குறை சொன்னால் வலிக்கும், நிஜம்தான். ஆனால் அந்த 15 நிமிடத்தில் நீங்கள் வக்கீல் இல்லை, குறிப்பெடுப்பவர். "கட்டியாவா? அன்னிக்கு எப்படிப் பண்ணீங்கன்னு சொல்லுங்களேன்" - இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அளவு சொல்லித் தருவதாக இருந்தால் கடைசி நிமிடத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

கேள்வியை மாத்துங்க

இரண்டாவது உலகப் போர் சமயத்தில் அமெரிக்க விமானப் படைக்காக வேலை பார்த்த உளவியலாளர் ஜான் ஃபிளானகன், 1954-ல் ஒரு கட்டுரையில் ஒரு முறையை எழுதி வைத்தார். 'நல்ல பைலட் எப்படி இருக்கணும்?' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். அதற்குப் பதில், நிஜமாக நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொல்லி, என்ன நடந்தது, யார் என்ன செய்தார்கள் என்று கேட்க வேண்டும். இன்றைக்கும் கஸ்டமரிடம் பேசுவதற்கு இதுதான் அஸ்திவாரம்: கருத்தைக் கேட்காதே, நடந்ததைக் கேள்.

அக்காவின் கேள்விகளை இப்படி மாற்றினோம்:

இப்படி வேண்டாம்: "மாவு பிடிச்சிருந்துச்சா?"
இப்படிக் கேளுங்க: "கடைசியா என்னிக்கு கஞ்சி வெச்சீங்க? அன்னிக்கு காலைல எழுந்ததுலருந்து சொல்லுங்களேன்."

இப்படி வேண்டாம்: "பாக்கெட் அழகா இருந்தா வாங்குவீங்களா?"
இப்படிக் கேளுங்க: "போன மாசம் குழந்தைக்கு சாப்பிடுறதுக்குன்னு புதுசா என்ன வாங்கினீங்க? அதை எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?"

இப்படி வேண்டாம்: "விலை அதிகமா?"
இப்படிக் கேளுங்க: "கஞ்சி இல்லாத நாள்ல காலைல என்ன குடுப்பீங்க?"

இப்படி வேண்டாம்: "ஏன் திரும்ப வாங்கல?"
இப்படிக் கேளுங்க: "அந்த பாக்கெட் அப்புறம் என்ன ஆச்சு?"

கடைசியைக் கவனியுங்கள். 'ஏன் வாங்கல?' என்பது போலீஸ் ஸ்டேஷன் கேள்வி. உடனே ஒரு சாக்கு வரும்: "மறந்துட்டேன்", "ஊருக்குப் போயிருந்தோம்". 'என்ன ஆச்சு?' என்றால் கதை வரும்.

'வாங்குவீங்களா?' என்று எதிர்காலத்தைப் பற்றிக் கேட்பதும் வீண். நாளைக்கு நாம் எல்லோருமே நல்லவர்கள்தான். நாளையிலிருந்து ஜிம் போவோம், நாளையிலிருந்து சிறுதானியம் சாப்பிடுவோம். போன மாசம் என்ன நடந்தது என்பதில்தான் உண்மை இருக்கிறது.

3 நொடி பொறுங்க

மேரி பட் ரோவ் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வகுப்பறைகளில் ஒன்றைக் கவனித்தார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக 1 நொடிதான். அதை 3 நொடியாக நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீளமாயின, தானாகவே கூடுதலாகப் பேசினார்கள்.

போனில் இந்த 3 நொடி இன்னும் கஷ்டம். முகம் தெரியாததால் மௌனம் வந்தாலே "ஹலோ... ஹலோ... லைன்ல இருக்கீங்களா?" என்று பதறுவோம். அதற்கு ஒரு வழி, மெதுவாக ஒரு "ம்ம்..." போட்டுவிட்டு மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். லைன் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பேச வேண்டியது தன் முறை என்பதும் புரியும். மொபைலில் குரல் போய்ச் சேரச் சற்றுத் தாமதம் ஆகும் என்பதால், அவசரப்பட்டால் இரண்டு பேர் பேச்சும் மோதிக்கொள்ளும். அந்த மோதலில் "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று அவர் விட்டுக்கொடுத்துவிடுவார். தொலைவது அவர் சொல்ல வந்த விஷயம்தான்.

மூன்றாவது காலில் அக்கா இதைச் செய்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் விரலைக் காட்டி எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அந்த பாக்கெட் இப்ப எங்க இருக்குக்கா?"

"ஃப்ரிட்ஜ்ல இருக்கும்... இருங்க பாக்குறேன்... ஆமா, பாதிக்கு மேல இருக்கு."

"பாதி இருக்கா... ம்ம்..."

ஒன்று. இரண்டு. மூன்று.

"அது வந்து சிஸ்டர்... நல்லா இல்லாம இல்ல. காலைல அடுப்புல வெச்சா கட்டி தட்டிடுது. கை விடாம கிளறணும். எனக்கு அப்பதான் ரெண்டு டிபன் பாக்ஸ் கட்டணும், பொண்ணுக்கு தலை பின்னணும். 7.40-க்கு வேன் வந்துரும். கொஞ்சம் அசந்தா அடிபிடிச்சிரும். அதான் ஞாயித்துக்கிழமை மட்டும் வெக்கிறது... அப்படியே நின்னுபோச்சு."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. எழுதிக்கொண்டிருந்தாள். அவள் கண் என்னைப் பார்த்தது.

சுவை நன்றாகத்தான் இருந்தது. 'சூப்பர்' என்றது பொய்யும் இல்லை. ஆனால் வாரநாள் காலை 7 மணிக்கு அந்த மாவுக்கு அந்த வீட்டில் இடம் இல்லை. அதோடு போட்டி போட்டது வேறு கம்பெனி சத்துமாவு இல்லை. பாலில் தொட்டுச் சாப்பிடும் பிஸ்கட்டும், முதல் நாள் அரைத்த தோசை மாவும்.

வாசல்ல நின்னு பேசுற பேச்சு

விருந்தாளி கிளம்பும்போது கவனித்திருக்கிறீர்களா? வீட்டுக்குள் இரண்டு மணி நேரம் பேசாத விஷயம் வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் வரும். போனிலும் அப்படித்தான். "ரொம்ப தேங்க்ஸ்க்கா, வெச்சிடட்டுமா?" என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி போடுங்கள்: "நான் கேக்க மறந்தது ஏதாவது இருக்கா?"

ஏழாவது காலில் அந்தக் கேள்விக்குத்தான் பதில் வந்தது. "இல்ல சிஸ்டர்... அரை கிலோ பாக்கெட் பிரிச்சா எங்க வீட்ல ரெண்டு மாசம் வரும். வண்டு வந்துருமோன்னு பயம்." பேனாவை மூடியிருந்தால் அது போயிருக்கும்.

அந்த கால்லயே விக்காதீங்க

பேச்சு நன்றாகப் போகும்போது, "புது பேட்ச் ரெடியா இருக்கு, ஒண்ணு அனுப்பட்டுமா?" என்று நாக்கு நுனி வரை வரும். வேண்டாம். 'விக்கிறதுக்கு இல்ல' என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறீர்கள். மீறினால் அவர் சொன்ன உண்மை எல்லாம் தூண்டிலில் மாட்டிய மாதிரி ஆகிவிடும். அடுத்த முறை உங்கள் நம்பரைப் பார்த்தாலே எடுக்க மாட்டார்.

விதியும் இருக்கிறது. டிராய் விதிகளின்படி விளம்பர அழைப்புகளுக்கென்று 140-ல் தொடங்கும் எண்கள் இருக்கின்றன. பதிவு செய்யாமல் சாதாரண 10 இலக்க நம்பரிலிருந்து விளம்பர கால் பண்ணினால், வாங்கியவர் 1909-ல் புகார் கொடுக்கலாம். அதே மாதிரி, ஆர்டருக்காகக் கொடுத்த நம்பரை எங்கிருந்தோ வாங்கி ஆராய்ச்சி என்ற பெயரில் கூப்பிடாதீர்கள். தனிநபர் தகவலை எதற்காக வாங்கினோமோ அதற்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. அவர் சொன்னதைப் பெயரோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவதும் வேண்டாம்.

கால் முடிஞ்ச 10 நிமிஷம்

அடுத்த காலுக்கு ஓடாதீர்கள். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: நடந்தது என்ன, அவர் சொன்ன வார்த்தை, நான் நினைப்பது. மூன்றாவது, முதல் இரண்டோடு கலக்கக் கூடாது.

வார்த்தையை அப்படியே எழுதுங்கள். 'டெக்ஸ்ச்சர் பிரச்னை' என்று எழுதினால் நாளைக்கு உங்களுக்கே ஒன்றும் தோன்றாது. 'கை விடாம கிளறணும், 7.40-க்கு வேன்' என்று எழுதினால் அந்த அடுப்படியே கண் முன் வரும்.

பாராட்டை எல்லாம் அடித்துவிடுங்கள். 'கண்டிப்பா வாங்குறேன்' என்பதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். கணக்கில் வருவது அவருக்கு ஏதாவது செலவு வைத்தது மட்டும்தான்: பணம் கொடுத்தார், நேரம் கொடுத்தார், தன் பேரைச் சொல்லி வேறு ஒருவரிடம் அறிமுகம் செய்தார்.

ஒரு எச்சரிக்கை. 12 பேரிடம் பேசிவிட்டு '40 சதவிகித கஸ்டமர்கள்...' என்று கணக்குப் போடாதீர்கள். எத்தனை பேர் என்பதை இந்த கால்கள் சொல்லாது. என்ன நடக்கிறது, எப்படி நடக்கிறது என்பதை மட்டும் சொல்லும். எண்ணிக்கை தெரிய வேண்டும் என்றால், சரியான கேள்வி கிடைத்த பிறகு ஃபார்ம் அனுப்பலாம்.

செயின் என்ன ஆச்சு?

12 காலும் முடிந்த ராத்திரி நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நிறுத்திய 7 பேரில் 5 பேர் வேறு வேறு வார்த்தையில் ஒன்றையே சொல்லியிருந்தார்கள்: காலையில் கிளற நேரம் இல்லை, கட்டி தட்டுகிறது. ஒருவர் வீட்டில் மாமியாரே மாவு அரைத்து விடுகிறார். இன்னொருவரின் பையனுக்கு ஏலக்காய் வாசனை ஆகவில்லை. வாங்காமலே போன 2 பேரில் ஒருவர், நிலக்கடலை சேர்த்திருக்கிறதா என்று தெரியாமல் பயந்து விட்டிருந்தார். குழந்தைக்கு அலர்ஜி.

தொடர்ந்து வாங்கும் 3 பேரிடம்தான் ஆச்சர்யம். அதில் 2 பேர் குழந்தைக்கு வாங்கவே இல்லை. வீட்டில் இருக்கும் வயதான அப்பாவுக்கும் அத்தைக்கும் காலை 11 மணிக்கு நிதானமாகக் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். அக்கா ஆறு மாதமாக ஸ்கூல் அம்மாக்கள் குரூப்பிலேயே விளம்பரம் போட்டுக்கொண்டிருந்தாள்.

பாக்கெட் டிசைனைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்கா செய்தது இவ்வளவுதான். மில்லில் இன்னும் நைஸாக அரைத்துச் சலிக்க ஆரம்பித்தாள். 200 கிராம் சின்ன பாக்கெட் போட்டாள். 'முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்துக்கொள்ளவும், பிறகு அடுப்பில் வைக்கவும்' என்று ஜெராக்ஸ் எடுத்த ஒரு துண்டுச் சீட்டு, அதிலேயே என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற லிஸ்ட். இரண்டு மாதத்தில், நிறுத்திய 7 பேரில் 3 பேர் மறுபடி வாங்கினார்கள். மாமியார் அரைத்துத் தரும் வீடு வாங்கவில்லை. அது வாங்கவும் போவதில்லை. அதுவும் ஒரு பதில்தான்.

இதைப் பெரிய வெற்றிக் கதை என்று சொல்ல மாட்டேன். மாவு இன்னும் மெதுவாகத்தான் நகர்கிறது. ஆனால் 5,000 பவுச் கட்டிலுக்கு அடியில் தூங்கவில்லை. செயின் அக்கா கழுத்திலேயே இருக்கிறது.

இன்றைக்குச் சாயங்காலம் உங்கள் ஆர்டர் லிஸ்ட்டைத் திறங்கள். ஹார்ட் அனுப்பியவரை விடுங்கள். ஒருமுறை வாங்கிவிட்டுச் சத்தமே இல்லாமல் போன ஒருவரின் பெயர் இருக்கும். "நாளைக்கு 11 மணிக்கு கூப்பிடலாமா, இல்ல 3 மணியா?" என்று ஒரு மெசேஜ் தட்டுங்கள்.

கூப்பிட்டதும் மறக்காமல் கேளுங்கள்: "அந்த பாக்கெட் அப்புறம் என்ன ஆச்சு?" கேட்டுவிட்டு, 3 நொடி வாயை மூடிக்கொண்டு இருங்கள்.